சிம்னி சரியாகுற வரைக்கும்

மெயினை இறக்கியாச்சு, பிளக்கையும் பிடுங்கியாச்சு, இனிமே அடுப்பு மேல மாட்டியிருக்கிற இந்தச் சிம்னி வெறும் தகரப் பெட்டி, என்னைய என்ன பண்ணிரும். மணி பத்தேகால். ஒரு மணிக்கு வந்துருவேன்னு சொல்லிருக்கான் எம்மகன் குருபரன், கோயம்புத்தூர்லருந்து கார் எடுத்துக் கிளம்பிட்டானாம், பல்லடம் தாண்டிட்டேன்மா, உன் பெட்டியை எடுத்து வச்சிரு, சாப்பிட்டு நாலு மணிக்கெல்லாம் கிளம்பிரலாம்ங்கிறான். சாப்பாட்டுக்கு என்னடா பண்றதுன்னு கேட்டேன், வேணும்னுதான் கேட்டேன், நான் வர்ற வழியில பார்சல் வாங்கிட்டு வந்துர்றேன், நீ ஒண்ணும் பண்ணாதங்கிறான். பார்சல். என் வீட்டுக்கு எம்மகன் பார்சலோட வர்றான். பன்னிரண்டு நாளா இந்த அடுப்பு எரியலை. ரொட்டி, தயிர், ஊற வச்ச அவல், எதிர்வீட்டு மெர்சி டீச்சர் குடுக்கிற கிண்ணச் சாம்பார், போதும்டா சாமி. எரியாதது அடுப்பில கோளாறுனால இல்ல, சத்தியத்தினால. இந்த அடுப்பங்கரை தீப்பிடிச்ச மறுநாள் அவன் வந்தான்ல, வந்து கறுத்துப்போன சுவத்தைப் பார்த்தான், சிம்னிக் கம்பெனிக்காரனை வரவழைச்சான், அந்த ஆளு கீழ நின்னுக்கிட்டே டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, தொடக்கூட இல்ல, இந்த மாடலுக்கு ஸ்பேர் வர்றதில்ல சார்னு அவன்கிட்ட சொல்றான், நான் ஒருத்தி பக்கத்திலயே நிக்கிறேன், என்னையப் பார்த்துச் சொல்லலை. அந்த ஆளு படியிறங்கினதும் இவன் என் கையைப் பிடிச்சுத் தன் தலை மேல வச்சுக்கிட்டான். சிம்னி சரியாகுற வரைக்கும் அடுப்பைப் பத்த வைக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணும்மா. பண்ணினேன். பெத்த பிள்ளை தலையில கையை வச்சுட்டு வேறென்ன செய்யச் சொல்றீங்க. சரியாகாதுன்னு தெரிஞ்சுதான் அந்த வார்த்தையைப் போட்டிருக்கான், படிச்ச பய. புதுசு வாங்கி மாட்டினா இது சரியானதாகுமான்னு வக்கீல் கணக்கா பேசுவான். அதனால இதையேதான் சரி பண்ணணும். சத்தியத்தை நான் மீற மாட்டேன், அவன் தலைக்கு ஒண்ணும் வரக்கூடாது. ஆனா இதைச் சரி பண்ணிட்டா சத்தியத்தை முடிச்சுட்டேன்னு சொல்லலாம்ல.

ஸ்டூல் ஆடுது. ஆடட்டும், ஒரு காலுக்கடியில அட்டையை மடிச்சு வச்சிருக்கேன், இடது கையால அலமாரியைப் பிடிச்சுக்கிட்டா போதும், அம்பத்தொம்பது வயசு ஒரு வயசா. ஃபேன் இல்லாம வேர்வை கண்ணுல இறங்குது, எரியுது. எண்ணெய்ப் பிசுக்கு விரல் நுனியில ஏறி, நகத்துக்குள்ள போயி, மூக்கைத் தொட்டா மூக்கிலயும் பழைய வடைச்சட்டி வாசம். திருகாணி ஒண்ணும் அசையலை. மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டு அஞ்சு நிமிஷம் பொறு அரசி, அவசரப்பட்டா தலை மழுங்கிப் போயிரும், அப்புறம் யாராலயும் கழட்ட முடியாது. பொறுத்தேன். இப்பத் திருப்புளியை வச்சு அழுத்தித் திருப்பு. ம். வந்துருச்சு. வராம எங்க போயிரும். இருபத்தேழு வருஷம் காலேஜ் ஃபிசிக்ஸ் லேப்ல அட்டெண்டரா இருந்தவ நான். மங்கையர்க்கரசியம்மா, இந்த சர்க்யூட் வேலை செய்யலைன்னு பிள்ளைங்க ஓடி வரும், ஒரு வயரைத் தொட்டுப் பார்த்தாலே எங்க லூஸ்னு தெரிஞ்சுரும். அங்க அப்படி, வீட்டுக்கு வந்தா ஃபியூஸ் போனா எங்க வீட்டுக்காரர் ஓடி வருவார், தள்ளு தள்ளு, ஷாக் அடிக்கும், நீ ஸ்டூலைப் பிடிச்சுக்கோ போதும்பார். நானும் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். இருபத்தொம்பது வருஷம் ஸ்டூலைப் பிடிச்சிருக்கேன். நல்ல மனுஷன் சொக்கலிங்கம், கோவமே வராது, ஆனா கரண்டு ஆம்பளைக்குத்தான் அடங்கும்னு ஒரு நெனப்பு. இந்தச் சிம்னியை வாங்கி மாட்டினப்ப மேல ஒட்டியிருந்த கண்ணாடித்தாளைக்கூட உரிக்க விடலை, புதுசா இருக்கட்டும்னார், அவர் போயி மூணு வருஷமாச்சு, அதை அப்பவும் நான் உரிக்கலை, தீதான் வந்து உருக்கி உரிச்சது. எண்ணெயை வடிகட்டுற பழைய வலை ரெண்டையும் போன வாரமே பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டு டவுன்ஹால் ரோட்டுக்குப் போனேன். நாலு கடை. நாலாவது கடைக்காரரு வலையை அளந்து பார்த்தாரு, இருக்கும்னாரு, அஞ்சு பட்டன் சுவிட்சு, அது வேற கம்பெனிது, கொஞ்சம் அரத்தால ராவினா உக்காந்துக்கும்னாரு, எல்லாம் சொல்லிட்டு, இதெல்லாம் உங்களுக்கு வேணாம்மா, வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க, அவர்கிட்ட விவரம் சொல்லித் தர்றேன்னாரு. அவரு மேல இருக்காரு, நீங்க வேணா போயிக் கூட்டிட்டு வாங்கன்னேன். அந்த ஆளு கூரையைப் பார்த்தாரு, அப்புறம் என் நெத்தியைப் பார்த்தாரு, வலையையும் சுவிட்சையும் பொட்டலம் கட்டிக் குடுத்துட்டாரு. பஸ்ஸுல வர்றப்ப எனக்கே சிரிப்பு, பாவம் அவரு என்ன பண்ணுவாரு.

உள்ள கையை விட்டு விசிறியைச் சுத்திப் பார்த்தேன், லேசாத்தான் சுத்துது, மோட்டாருக்கு ஒண்ணுமில்ல. அப்ப கோளாறு சுவிட்சுலதான். அமுக்கினேன். தீப்பிடிச்ச அன்னைக்கு நான் அமுக்கினேன். சட்டியை வச்சேன், எண்ணெயை ஊத்தினேன், சிம்னியை அமுக்கினேன், இந்த விரலாலதான், நடுப் பட்டன், அது உள்ள போன பதம்கூட விரல்ல இருக்கு. ஆனா சத்தம் கேட்டுச்சா? கேக்கலையே. கேக்கலைன்னா அமுக்கலையா? அமுக்கினேன். பதினோரு வருஷமா தினமும் அமுக்குறவளுக்கு எது அன்னைக்கு அமுக்கினது, எது முந்தின நாள் அமுக்கினதுன்னு எப்படித் தெரியும். விரலுக்குத் தெரியும். விரலு சொல்றதை எவன் நம்புவான். நீ மறந்துட்டம்மா, பரவாயில்ல, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்னு குரு சொன்னான் பாரு, திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன், அந்தப் பரவாயில்லதான் நெஞ்சுல குத்துது. சரி, வயரைப் பாரு. அஞ்சு வயரு. கறுப்பு எல்லாப் பட்டனுக்கும் பொது, மத்ததெல்லாம் எண்ணெய் குடிச்சுக் குடிச்சு ஒரே காப்பி நெறம். தினத்தாள் காலண்டர்ல நேத்துத் தாளைக் கிழிச்சு, ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சுன்னு எழுதி, டேப் வச்சு ஒவ்வொரு வயருலயும் ஒட்டு. ஒட்டாம கழட்டாத. லேப்ல இதுதான் மொதப் பாடம், எவ்வளவு பெரிய புரொஃபசரா இருந்தாலும் ஒட்டாம கழட்டினா திருதிருன்னு முழிக்கணும். மறக்குறது தெரிஞ்சுதானேடா உலகம் பூரா சீட்டு ஒட்டி வச்சிருக்கு, மருந்து பாட்டில்ல, பஸ்ஸு நெத்தியில, செத்தவன் கால் விரல்ல. நான் மறந்தா மட்டும் வயசாயிருச்சு. செண்பகம் அக்காவையும் இப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க. திண்டுக்கல்ல தனியா ராசாத்தியா இருந்தவ எங்க அக்கா, ஒரு நாள் கதவைப் பூட்டாம கோயிலுக்குப் போயிட்டாளாம், அதுக்கு மகன் வந்து பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். அங்க ஒரு சோஃபா. எழுந்திரிச்சா உக்காருங்கம்பாங்க, அடுப்பங்கரைக்குப் போனா நாங்க பார்த்துக்கிறோம்பாங்க. நல்லவங்கதான், குறை சொல்ல முடியாது. எட்டு மாசம் கழிச்சுப் பார்க்கப் போனேன், என் பேரைக் கேக்குறா. நீ யாரு, சமையலுக்கு வந்த பொண்ணான்னு கேட்டா, எனக்கு அங்கயே ஓன்னு அழணும் போல வந்துச்சு. மறதி வந்ததால கூட்டிட்டுப் போனாங்களா, கூட்டிட்டுப் போனதால மறதி வந்துச்சா, அதை எந்த டாக்டர் சொல்லுவான். குரு வீட்டுலயும் சோஃபா இருக்கு. சாம்பல் நெறத்துல. போன தடவ உக்காந்தேன், உள்ள அமுங்கிருச்சு, எழுந்திரிக்க மருமக கை குடுத்தா. நான் போகமாட்டேன். ஸ்டூலு, திருப்புளி, அரம், எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு, நான் எதுக்குப் போகணும்.

பழைய சுவிட்சு வெளிய வந்துருச்சு. கையில வச்சு ஜன்னல் வெளிச்சத்துல பார்த்தா, இதென்ன, பட்டன் கழுத்தைச் சுத்திச் செவப்பா, செங்கல் பொடி கணக்கா. துருவா? துரு இப்படி இருக்காது. நகத்தால சுரண்டி மோந்து பார்த்தேன். ஐயோ, சந்தனம். சந்தனமும் குங்குமமும். அடிப்பாவி, நீ வச்சதுதான்டி. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வீட்டுல இருக்குற அத்தனை மிஷினுக்கும் பொட்டு வைக்கணும் எனக்கு, மிக்சிக்கு, கிரைண்டருக்கு, அவரு ஸ்கூட்டருக்கு, இதுக்குன்னு வந்தா தகரத்துல எண்ணெய் பட்டு அழிஞ்சுருதுன்னு பட்டனுக்குப் பட்டன் வச்சேன், அஞ்சு பட்டனுக்கும் அஞ்சு பொட்டு, சந்தனத்தை நல்லாத் தண்ணியாக் கரைச்சு, தாராளமா. பதினோரு பூஜை. எல்லாம் உள்ள வழிஞ்சு, எண்ணெயோட சேர்ந்து, சிமெண்டாப் போயிருக்கு. கம்பெனிக்காரன் கழட்டிப் பார்த்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான். இரு இரு, சிரிக்கிறதை அப்புறம் வச்சுக்கலாம். டார்ச்சுலருந்து ரெண்டு பேட்டரி, ஒரு குட்டி பல்பு, ரெண்டு துண்டு வயரு. லேப்ல ஃபர்ஸ்ட் இயர் பிள்ளை செய்யிற வேலை. பேட்டரியில நேராத் தொட்டா பல்பு எரியுது. நடுப் பட்டனுக்கு ரெண்டு முனையிலயும் வயரை வச்சு அமுக்கினேன். பட்டன் உள்ள போகுது. பல்பு எரியலை. இன்னொரு தடவ. உள்ள போகுது, எரியலை. பத்துத் தடவ அமுக்கினேன், பத்துத் தடவையும் எரியலை. அமுக்கினேன்டா! நான் அமுக்கினேன்டா குரு! விரலு பொய் சொல்லலை! ஸ்டூலை விட்டு இறங்கி அடுப்பங்கரைக்குள்ளயே ஒரு ஆட்டம் போட்டேன், யாரு பார்க்கப் போறா. இதை அப்படியே ஒரு தட்டுல வச்சு, பேட்டரி பல்போட, சாப்பாட்டு மேசை நடுவுல வச்சிரணும். வந்தவுடனே அமுக்கிப் பாருடான்னு சொல்லணும். அப்புறம் வாயைத் திறக்கட்டும் பார்ப்போம். தட்டை எடுத்தேன், வச்சேன், மேசை நடுவுல வச்சுட்டு வந்து புதுச் சுவிட்சுக்கு ஓட்டையை ராவிக்கிட்டிருக்கேன், சர்ர் சர்ர்னு அரம் போயிட்டு வருது, இரும்புத் தூள் மணிக்கட்டுல ஒட்டுது, மனசு மட்டும் ஒரு இடத்துல போயி மாட்டிக்கிச்சு. எண்ணெய்? சிம்னி ஓடலை, சரி. சிம்னி ஓடாததால எண்ணெய் தீப்பிடிக்குமா? சிம்னி ஓடியிருந்தா எண்ணெய் காயாம இருந்திருக்குமா? ஓடியிருந்தா தீயை இன்னும் மேல இழுத்திருக்கும். உனக்குத் தெரியாதா அரசி. பேசாம இரு. ராவு. இல்ல, தெரியுமா தெரியாதா. தெரியும். அன்னைக்கு அப்பளம் பொரிக்க எண்ணெயை வச்சுட்டு, மழை வர்ற மாதிரி இருக்குன்னு துணி எடுக்க பால்கனிக்குப் போனேன். ரெண்டு நிமிஷ வேலை. எடுத்துட்டு வரவேண்டியதுதானே. அங்கயே நின்னு சேலையைக் கரைக்குக் கரை சேர்த்து மடிச்சேன். நல்ல காத்து. மண் வாசம். எதையும் நினைக்கலை. அதுதான் பயமா இருக்கு, எதையாவது நினைச்சுக்கிட்டு நின்னிருந்தாக்கூடச் சொல்லலாம், ஒண்ணுமே நினைக்கலை, அடுப்புன்னு ஒண்ணு வீட்டுல இருக்கிறதே இல்லாம நின்னேன். மெர்சி டீச்சர் அரசியக்கா அரசியக்கான்னு கதவைத் தட்டின பிறகுதான் திரும்பினேன். கதவைத் திறந்துட்டு உள்ள ஓடினா சட்டிக்கு மேல தீ, வலையிலருந்து எண்ணெய் நெருப்பாச் சொட்டுது. டீச்சர் கையில ஒரு வாளித் தண்ணி. ஊத்திராதீங்க டீச்சர்னு கத்தினேன், அவங்க அப்படியே நின்னுட்டாங்க.

பன்னிரண்டு பத்து. சுவிட்சு உக்காந்துருச்சு. ஒண்ணுக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ரெண்டு. மூணாவது சீட்டு வேர்வையில ஊறி எழுத்து கலைஞ்சு போயிருந்துச்சு, மூணா, அஞ்சா. அட கூறு கெட்டவளே, மத்த நாலையும் பாரு, மிச்சம் இருக்கிறதுதானே மூணு. மெயினை இறக்குறதுக்கு முன்னாடியே சூடாக்கி வச்ச கீசர் தண்ணியில சோடா உப்பைப் போட்டு உள்பக்கமெல்லாம் துடைச்சாச்சு, புது வலை ரெண்டும் டக்குனு மாட்டிக்கிச்சு, விளக்குக்குப் புது பல்பு. பிளக்கைச் சொருகினேன், மெயினை ஏத்தினேன், ஃபேன் சுத்துது, காத்து முதுகுல பட்டப்பதான் ரவிக்கை நனைஞ்சு கிடக்குறது தெரியுது. நடுப் பட்டன். அமுக்கு. உர்ர்னு ஒரு சத்தம், அப்புறம் ஓட்டம், ஒரே சீரா, காலண்டர் தாளை வலைக்கிட்டக் காட்டினா வெடுக்குனு இழுத்துப் பிடிச்சுக்குது. சத்தியம் முடிஞ்சுச்சு. குரு, உன் தலைக்கு இனிமே நான் பொறுப்பில்ல. அடுப்பைப் பத்த வச்சேன். பன்னிரண்டு நாளைக்கப்புறம் அந்த நீலத்தைப் பார்த்ததும் கண்ணு கலங்கிருச்சு, ஆமா, அழுதேன், என்ன இப்ப. சோறு, மிளகு ரசம், கத்தரிக்காய் வதக்கல். கடைசியா அதே சட்டியில எண்ணெயை ஊத்தி முன்னாலயே நின்னேன், கையைக் கட்டிக்கிட்டு, காயிற வரைக்கும் கண்ணை எடுக்கலை. பயமா இருந்துச்சு. பயந்துக்கிட்டே பதினாறு அப்பளம் பொரிச்சேன், ரெண்டு பேருக்கு எதுக்குப் பதினாறு, எனக்கு வேணும், பொரிச்சேன். பெல்லு அடிச்சப்ப ஒண்ணே கால். ஒரு கையில பார்சல் பை, ஒரு கையில கார் சாவி. வாசல்லயே நின்னுட்டான், ரச வாசத்துக்கு மூக்கைத் தூக்கிக்கிட்டு. "யாரும்மா வந்து சரி பண்ணினது?" "நான்தான்." "நீயா?" நேரா அடுப்பங்கரைக்குள்ள போயி, குனிஞ்சு, நிமிந்து, ஒவ்வொரு பட்டனா அமுக்கிப் பார்த்தான். திரும்பி வந்தப்பதான் மேசையில தட்டைப் பார்த்தான். சொன்னேன், குங்குமத்தையும் சொன்னேன். அவனும் அமுக்கினான், பல்பு எரியலை, திரும்ப அமுக்கினான். அவன் மூஞ்சி மாறிச்சு பாருங்க, பத்து வயசுல காய்ச்சல் விட்டு எழுந்திரிச்சப்ப பார்த்த மூஞ்சி. அவனுக்கும் பயமா இருந்திருக்கு, பன்னிரண்டு நாளா, எனக்கு என்னமோ ஆகுதுன்னு. "அப்ப உன் தப்பே இல்லையாம்மா? சுவிட்சாலதான் எல்லாமா? நான் என்னென்னமோ நெனச்சுட்டேம்மா."

ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். வாய் வரைக்கும் வந்துருச்சு. அவனும் நிம்மதியாச் சாப்பிட்டுத் தனியாத் திரும்பிப் போயிருவான், நானும் இங்கயே இருந்துருவேன், அந்தச் சுவிட்சு வாயைத் திறந்து சாட்சி சொல்லவா போகுது. ஆனா அடுத்த தடவ? அடுத்த தடவைக்கு எந்தச் சுவிட்சைத் தேடுவேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொய்யைத் தேடிக்கிட்டு, என் வீட்டுலயே திருடி கணக்கா இருக்கணுமா. எனக்குக் கோவம் வந்துச்சு, யாரு மேலன்னு தெரியலை, அவன் மேல இல்ல.

"சுவிட்சு ஓடலை, அது நெசம்டா. ஆனா எண்ணெயை மறந்தது நான்தான். சேலை மடிச்சுக்கிட்டு பால்கனியில நின்னுட்டேன்."

அவன் மெதுவாச் சாவியை மேசையில வச்சான். "அப்ப என்கூட வந்துரும்மா. தயவு செஞ்சு."

"வரமாட்டேன்."

"மறுபடி மறந்தா?"

"மறப்பேன். மறக்க மாட்டேன்னு நான் எங்க சொன்னேன். அன்னைக்கு மறந்ததும் நான்தான், ஓடி வந்து கேஸை மூடிச் சட்டி மேல தட்டைக் கவுத்து அணைச்சதும் நான்தான். டீச்சர் அணைக்கலை, நீ அணைக்கலை. மறந்ததை மட்டும் எடுத்துக்கிட்டு அணைச்சதை ஏன்டா விட்டுட்ட?"

சிம்னி ஓடிக்கிட்டிருக்கு. அவன் கண்ணு கறுத்த சுவத்துக்கும் எனக்குமாப் போயிட்டுப் போயிட்டு வருது. அழறானா, கோவமா, தெரியலை, ரெண்டும்தான் போல. பார்சல் பையை வாங்கி ஃபிரிட்ஜுல வச்சேன். இலையைப் போட்டேன், சோத்தை வச்சேன், ரசத்தை ஊத்தினேன். உக்காந்தான். ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு, தலையைத் தூக்காமலே, "நாலு மணிக்குக் கிளம்பணும்மா"ன்னான், இன்னும் என்னையக் கேக்குற மாதிரி.

"சரிப்பா, பாத்துப் போயிட்டு வா. போயி இறங்கினதும் ஒரு போன் போட்டுரு."